கூண்டேறும் முன் டாக்டரோடு ஒரு மணி நேரம்

டாக்டர் கொடுத்த சான்று ஆங்கிலத்தில் இருக்கும். கூண்டில் நின்று அவர் சொல்வது தமிழில் தட்டச்சாகும். பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட நீதிமன்றமானாலும் சரி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் கோர்ட்டுகளானாலும் சரி, வழக்கம் இதுதான். மருத்துவ சாட்சியம் பழுதாவது பெரும்பாலும் இந்த இரண்டு மொழிக்கும் நடுவில்தான். மிச்சப் பழுதுக்குக் காரணம் கால இடைவெளி. சம்பவம் நடந்து நாலு வருஷம் ஆகியிருக்கும், டாக்டர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்பார், சம்மன் தேதியன்று காலையில்தான் தன் கையெழுத்தையே திரும்பப் பார்ப்பார்.

அரசுத் தரப்பில் நிற்பவரானாலும், நஷ்டஈட்டு வழக்கில் டாக்டரை அழைக்கும் வக்கீலானாலும், கூண்டேறும் முன் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட வேண்டும். விடை சொல்லிக்கொடுக்க அல்ல. அவர் எழுதியதை அவரே வரிவரியாகப் படித்து, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, எதுவரை சொல்வது என்று தீர்மானித்துக்கொள்ளத்தான் அந்த நேரம். "கோர்ட்டுக்கு வரும் முன் அரசு வக்கீலிடம் பேசினீர்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். "பேசினேன், என் சான்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன்" என்பதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. தடுமாறி "இல்லை" என்று சொன்னால்தான் வம்பு. வராந்தாவில் இருவரும் நின்று பேசியதை எதிர்த்தரப்பு ஜூனியர் பார்த்திருப்பார்.

முதலில் காகிதங்களைச் சேர்க்க வேண்டும். காய வழக்கென்றால் விபத்துப் பதிவேட்டு நகல் (எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்பது), உள்நோயாளி கேஸ் ஷீட், எக்ஸ்ரே அல்லது சி.டி. படம், அதைப் பார்த்து ரேடியாலஜி டாக்டர் எழுதிய அறிக்கை, கடைசியாகக் காயச் சான்று. ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பினால் ஒன்றுக்கொன்று உள்ள சண்டை தெரிந்துவிடும். ஏ.ஆரில் இரண்டு காயம், சான்றில் மூன்று. ஏ.ஆரில் இடது முன்கை, சான்றில் வலது. சான்றில் 'எலும்பு முறிவு, கொடுங்காயம்' என்று இருக்கும். எக்ஸ்ரே எண் இருக்காது, படம் கோர்ட்டுக்கு வந்திருக்காது, அறிக்கை எழுதிய டாக்டர் சாட்சிப் பட்டியலிலேயே இருக்க மாட்டார். கொடுங்காயம் என்று தொடங்கிய வழக்கு சாதாரணக் காயமாக இறங்கிப் போவது இந்த ஓட்டை வழியாகத்தான். இரண்டு வாரம் முன்னால் கவனித்தால் படத்தை வரவழைக்கலாம், ரேடியாலஜி டாக்டரைக் கூடுதல் சாட்சியாகச் சேர்க்க மனு போடலாம். அன்று காலையில் கவனித்தால் பெருமூச்சு மட்டும் விடலாம்.

காகிதங்களுக்குள் வேறுபாடு இருந்தால் முதல் விசாரணையிலேயே (அழைத்த தரப்பு வக்கீல் கேட்பதில்) டாக்டர் வாயால் வெளியே வந்துவிட வேண்டும். இரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது முடிக்குள் இருந்த காயம் தெரியவில்லை, வார்டில் முடியை மழித்துத் தையல் போடும்போதுதான் தெரிந்தது என்பது உண்மையானால், கேஸ் ஷீட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டி அவரே சொல்லட்டும். அதே உண்மை குறுக்கு விசாரணையில் வந்தால் சாக்குப்போக்காகக் கேட்கும்.

சம்பவத் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 320-ம் பிரிவு, பிந்தையதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 116-ம் பிரிவு. கொடுங்காயத்தின் எட்டாவது வகையில் கடும் வேதனை அல்லது அன்றாட வேலை பார்க்க முடியாமை பழைய சட்டத்தில் 20 நாள், புதியதில் 15 நாள். 17 நாள் படுத்தவரின் காயம் 2024 மே மாதத்து வெட்டு என்றால் இந்த வகையில் வராது. ஆகஸ்ட் மாதத்து வெட்டு என்றால் வரலாம். வார்டில் கிடந்த நாள்கணக்கு மட்டும் போதாது என்பதையும் டாக்டருக்கு ஞாபகப்படுத்த வேண்டும். வேதனை இருந்ததோ வேலை பார்க்க முடியாததோ கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது சொற்கள். அப்ரேஷன் என்றால் சிராய்ப்புக் காயம், கன்ட்யூஷன் கன்றிய காயம், லாசரேஷன் கிழிந்த காயம், இன்சைஸ்டு வெட்டுக் காயம், ஸ்டாப் குத்துக் காயம். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, கூண்டேறும்வரை இவையே என்று டாக்டரோடு முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே காயத்தை ஒரு முறை 'கிழிந்த காயம்' என்றும் அடுத்த வாக்கியத்தில் 'வெட்டு' என்றும் சொன்னால், படித்துப் பார்க்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அது இரண்டு காயம், இரண்டு ஆயுதம்.

இதில் பெரிய குழி ஏ.ஆரில் அவசரமாக எழுதும் 'கட் இஞ்சுரி'. அவசரப் பிரிவில் ஓரம் பிளந்த எந்தக் காயத்தையும் அப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். பிறகு காயச் சான்றில் வேறு டாக்டர் 'லாசரேஷன்' என்று எழுதியிருப்பார். அரிவாளால் வெட்டினான் என்பது வழக்கு, கிழிந்த காயம் என்பது சான்று. இனி எதிர்த்தரப்புக்கு வேலையே இல்லை. நம் பக்கத்துச் சண்டைகளில் அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் போடுவதும் சகஜம். முதுகு பட்டால் மொட்டையான ஆயுதத்தின் காயம்தான் வரும். சாட்சிகள் திருப்பி அடித்ததைச் சொல்லியிருக்கிறார்களா என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161-ன் கீழ் போலீசார் எழுதிய வாக்குமூலத்தில் (அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180) பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் அந்தக் கேள்விக்குப் போக வேண்டும். சொல்லாத கதையை டாக்டர் வாயில் வைக்கக் கூடாது.

தலைக்காயத்தில் இன்னொரு சங்கதி. மண்டைத் தோலுக்கு அடியில் எலும்பு நெருக்கமாக இருப்பதால் கம்பு பட்டாலும் தோல் நேர்க்கோட்டில் பிளந்து வெட்டுக் காயம் போலவே தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் விளிம்பு நசுங்கியிருப்பதும், மயிர்க்கால் நொறுங்கியிருப்பதும், காயத்துக்குள் குறுக்கே திசு இழைகள் அறுபடாமல் நிற்பதும் தெரியும். கூரான ஆயுதமானால் எல்லாம் சுத்தமாக அறுந்திருக்கும். டாக்டர் இதைப் பார்த்தாரா, எழுதினாரா? எழுதவில்லையென்றால் "வெறும் கண்ணால் பார்த்தேன், விளிம்புகள் சீராக இருந்தன என்று குறித்திருக்கிறேன்" என்பதோடு நிற்க வேண்டும். நாலு வருஷம் கழித்து மயிர்க்கால் ஞாபகம் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆயுதத்தைக் கூண்டில் காட்ட மறக்கவே கூடாது. கைப்பற்றிய ஆயுதம் இருந்தால் அதை டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது அரசுத் தரப்பின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே கர்த்தாரே வழக்கிலும் ஈஷ்வர் சிங் வழக்கிலும் சொல்லிவிட்டது. சான்றுப் பொருள் கோர்ட் சொத்து அறையில் சாக்குத் துணிக்குள் கிடக்கும். முந்தின நாளே பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லி எடுத்து வைக்க வேண்டும். டாக்டர் அதைக் கையில் வாங்கி, கூர்ப்பக்கத்தின் நீளத்தையும் நுனியின் வளைவையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். வீச்சரிவாள் நீளமானது, வீசினால் காயமும் நீளும். கதிரறுக்கும் பன்னரிவாளுக்குப் பல் உண்டு, அது பட்ட விளிம்பு வேறு மாதிரி. "இந்த ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம்" என்பதற்கும் "இந்த ஆயுதத்தால்தான் ஏற்பட்டது" என்பதற்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. டாக்டர் முதல் கரையிலேயே நிற்க வேண்டும்.

ஏ.ஆர். காப்பியில் 'தெரிந்த மூன்று நபர்கள் அரிவாளால் தாக்கியதாகச் சொன்னார்' என்று ஒரு வரி இருக்கும். வழக்கில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஐந்து பேர். குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியே இதுதான். அந்தத் தகவலைச் சொன்னது காயம்பட்டவரா, கூட்டிக்கொண்டு வந்தவரா, அப்போது காயம்பட்டவருக்கு நினைவு இருந்ததா என்று ஏ.ஆரில் உள்ளதை மட்டும் டாக்டர் சொன்னால் போதும். யார் வெட்டினார் என்று விசாரிப்பது டாக்டரின் வேலை அல்ல, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்று பட்டிபாட்டி வெங்கையா வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வாதத்துக்கு உதவும். ஆனால் அது வக்கீல் பேச வேண்டியது. கூண்டில் டாக்டரே "அது என் வேலை இல்லை சார்" என்று எகிறினால் நீதிபதிக்கு வேறு மாதிரி படும்.

இனி 'வாய்ப்பு'. குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் கேட்கும் கேள்விகள் எந்த ஊர் கோர்ட்டிலும் இந்தச் சொல்லில்தான் முடியும். களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். இடது முன்கையில் சுண்டுவிரல் பக்க விளிம்பில் 7 x 2 செ.மீ., எலும்பு ஆழம், வெட்டுக் காயம். இடது தோள்பட்டையின் பின்னால் இன்னொன்று.

"டாக்டர், வாழைத்தார் வெட்டும்போது கைதவறி அரிவாள் பட்டால் இப்படிக் காயம் ஏற்பட வாய்ப்பு உண்டா?"

"ஏற்படலாம் சார், ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். நம் கோர்ட்டுகளில் கேள்வியும் பதிலும் தனித்தனியாகப் பதிவாவது அபூர்வம். இரண்டையும் சேர்த்து நீதிபதி ஒரே வாக்கியமாகச் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டுவார்: 'வாழைத்தார் வெட்டும்போது தவறுதலாக அரிவாள் பட்டால் மேற்படி காயங்கள் ஏற்பட வாய்ப்புண்டு என்றால் சரிதான்.' கேட்டது ஒரு காயத்தைப் பற்றி, பதிவானது 'காயங்கள்'. பின்தோள் வெட்டும் சேர்ந்து வாழைத்தார் கணக்கில் போய்விட்டது.

அதனால் டாக்டரைப் பழக்க வேண்டியது ஒன்றுதான்: நிபந்தனை முதலில், 'லாம்' கடைசியில். "எந்தக் காயத்தைக் கேட்கிறீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, "வலது கையில் பிடித்த அரிவாள் தவறினால் இடது கையின் விரல்களிலோ உள்ளங்கையிலோ படுவதுதான் வழக்கம். முன்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பில் எலும்புவரை இறங்குவது அரிது. காயம் 2 பின்தோளில் உள்ளது, அது தன் கையால் தவறிப் பட வாய்ப்பில்லை." தட்டச்சு முடிகிறவரை அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் முழுசும் ஏறும். சாத்தியமே இல்லாத கேள்விக்கு "வாய்ப்பில்லை" என்று மொட்டையாகச் சொல்லவும் தயங்கக் கூடாது. படித்தவர்களுக்கு எதையும் அடியோடு மறுக்கக் கூச்சம் உண்டு. கேட்பவர் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் கேட்கிறார். அதே சமயம், உண்மையிலேயே வாய்ப்பு இருந்தால் 'உண்டு' என்று சொல்லிவிட வேண்டும். மறுத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துப் பாடநூலைக் காட்டியதும் ஒப்புக்கொண்டால், ஏற்கெனவே சொன்ன நல்ல பதில்களும் சேர்ந்து கரையும்.

கடைசிப் பத்து நிமிஷம் யோசனைக் கேள்விகள், அதாவது எதிர்த்தரப்பு தன் கட்சியைச் சொல்லி 'சரிதானே' என்று கேட்பவை. பதிவில் இப்படி ஏறும்: 'நான் காயங்களை அளக்காமலும் போலீசார் சொன்னதை வைத்தும் சான்று கொடுத்தேன் என்றால் சரியல்ல.' இதில் இரண்டு குற்றச்சாட்டு கட்டியிருக்கிறது. டாக்டர் அளந்தது உண்மை. ஆனால் ஆயுதத்தின் பெயரைப் போலீஸ் மெமோவிலிருந்து எடுத்திருக்கலாம். 'சரியல்ல' என்று மொத்தமாகத் தள்ளினால் மெமோவைக் காட்டி மடக்குவார்கள். "ஐயா, இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, தனித்தனியாகச் சொல்கிறேன்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. பல டாக்டர்களுக்கு இது தெரியாது. தயார்செய்யும் நாளில் இப்படி ஏழெட்டு வாக்கியங்களை ஒரு ஜூனியர் வேகமாகக் கேட்டு, டாக்டர் பிரித்துச் சொல்லிப் பழகட்டும். இரண்டு எதிர்மறை ஒன்றாக வரும்போது, 'பரிசோதிக்கவில்லை என்றால் சரியல்ல' போன்றவற்றில், காது குழம்பும். அப்போது "நான் பரிசோதித்தேன்" என்று நேர் வாக்கியமாகச் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

பாடநூலைக் காட்டிக் கேட்டால் கையில் வாங்கி, எந்தப் பதிப்பு என்று பார்த்து, காட்டிய பத்திக்கு முன்னும் பின்னும் படித்துவிட்டுப் பேச வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 162-ம் பிரிவு நிபுணர் தொழில்சார் நூல்களைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதிக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 159. அவசரப்படுத்தினால் நீதிபதியிடம் ஐந்து நிமிஷம் கேட்கலாம். அதே பிரிவின்படி தன் குறிப்புகளையும் பார்க்கலாம். ஆனால் கூண்டில் பார்க்கிற எந்தத் தாளையும் எதிர்த்தரப்பு வாங்கிப் பார்க்கக் கேட்கலாம். சட்டைப் பையில் வக்கீல் எழுதித் தந்த துண்டுச் சீட்டு இருந்தால் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போவது நல்லது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டருக்கு வேறு இரண்டு இடங்களில் அடி விழும். ஒன்று, இறந்த நேரம். 'பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்' என்று எழுதியிருந்தால் எதற்காக அந்த இடைவெளி என்று சொல்லத் தெரிய வேண்டும்: உடல் விறைப்பு எந்த அளவில் இருந்தது, அழுகல் தொடங்கியதா, குளிர்ப்பெட்டியில் எத்தனை மணிக்கு வைத்தார்கள். சித்திரை வெயிலில் கிடந்த உடலில் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் தள்ளிப்போடும். பெட்டியில் வைத்த நேரம் பிணவறைப் பதிவேட்டில் இருக்கும், சான்றில் இருக்காது. அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இறுதிக் கருத்தின் தேதி. ரசாயனப் பரிசோதனை அறிக்கைக்காகக் கருத்தை நிறுத்தி வைத்ததாக எழுதிவிட்டு, அறிக்கை வருவதற்கு முந்தின தேதியில் இறுதிக் கருத்து கையெழுத்தாகியிருந்தால் அந்த வழக்கில் வேறு கேள்வியே தேவையில்லை. தாமிரபரணியில் மூழ்கிய சாவென்றால், எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் (நீரில் வாழும் நுண்பாசி) பார்க்க அனுப்பும்போது அதே படித்துறையின் நீர் மாதிரியும் போனதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட நீர் இல்லாத டயாட்டம் முடிவு அரைச் சாட்சியம்தான்.

தடய அறிவியல் ஆய்வக அறிக்கை பலவற்றை, எழுதியவரை அழைக்காமலே சான்றாக ஏற்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 329 இடம் கொடுக்கிறது, பழைய 293. சாதாரண அரசு மருத்துவமனை டாக்டர் அந்தப் பட்டியலில் இல்லை, எனவே சான்றை எதிர்த்தரப்பு மறுத்தால் அவர் வரத்தான் வேண்டும். டாக்டர் ஓய்வு பெற்றாலோ மாறுதலானாலோ அவருக்குப் பின் வந்த அதிகாரியை வைத்து 336-ன் கீழ் சான்றை நிரூபிக்கலாம். ஆனால் அவர் காயத்தைப் பார்த்தவர் அல்ல, எழுதியதைப் படித்துச் சொல்பவர் மட்டுமே. அவரிடம் 'ஏற்படலாம்' கேள்விகளைக் கேட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

சிவில் பக்கம் ஒரு பார்வை. நம் ஊரில் நிபுணர் என்றால் முதலில் வருவது புரோநோட்டுக் கையெழுத்து. ஒப்பிடுவதற்கு வக்காலத்திலும் எதிருரையிலும் உள்ள கையெழுத்தை அனுப்புவதுதான் வழக்கமான தவறு. வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்தை ஒருவர் மாற்றிப் போடலாம். புரோநோட்டுத் தேதிக்கு அக்கம்பக்கத்தில் பத்திரம், வங்கிப் படிவம் எதிலாவது ஒப்புக்கொண்ட கையெழுத்து மூன்று நான்கு வேண்டும். தமிழ்க் கையெழுத்தென்றால் தமிழ்க் கையெழுத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நிபுணர் ஒற்றுமைகளை மட்டும் பட்டியலிடாமல் வேற்றுமைகளையும் சொல்லி, அவை ஏன் முக்கியமில்லை என்று காரணம் கொடுக்க வேண்டும். முடிவை மட்டும் சொன்னால் போதாது, அந்த முடிவைச் சோதித்துப் பார்க்கும் அளவுகோலையும் நீதிபதிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஜெய்லால் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் சொன்னது ஆப்பிள் தோட்டத்து மதிப்பீட்டுக்காக. புரோநோட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

நில அளவர் வரும்போது பழைய பத்திரத்தில் 'கோட்டை விதைப்பாடு' என்றிருக்கும் அளவை செண்டாக மாற்றச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கும். ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவு அது, அளவர் மாற்றவே கூடாது. "புல வரைபடத்தின்படி அளந்தேன், பத்திரத்தின் நான்குமாலோடு (நாலு பக்க எல்லையோடு) ஒப்பிட்டேன்" என்பதோடு நிற்கட்டும். எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார், அந்தக் கல் பழையதா புதிதாக நட்டதா, இரண்டு தரப்புக்கும் அறிவிப்பு போனதா, அளக்கும்போது யார் யார் நின்றார்கள்: கேள்விகள் இந்த நாலுக்குள்தான் சுற்றும். தொடங்கிய கல்லைச் சொல்லத் தெரியாத அளவர் சொன்ன எந்த மீட்டருக்கும் மதிப்பில்லை.

அன்றைய தினம் மூக்குக் கண்ணாடி, அசல் பதிவேடு, அடையாள அட்டை. சான்றின் நகல் டாக்டர் கையில் இருக்கலாம், கோர்ட்டில் குறியிடப்போவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். காணொலியில் சாட்சி சொல்வதானால் ஆவணத்தின் ஸ்கேன் முந்தின நாளே அவருக்குப் போயிருக்க வேண்டும். பக்க எண் போட்டிருந்தால் நேரம் மிச்சம்.

முடிந்ததும் தட்டச்சான வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. மதியம் ஓ.பி.க்கு ஓட வேண்டும் என்று பெரும்பாலான டாக்டர்கள் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். படித்துக் காட்டித் திருத்தம் செய்ய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 313 வழி வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 278. பார்க்க வேண்டியது மூன்றுதான்: செ.மீ. எண்கள், இடது வலது, ஒவ்வொரு 'சரிதான்' 'சரியல்ல'வும் சொன்னபடியே இருக்கிறதா என்பது. மாறியிருந்தால் உடனே நீதிபதியிடம் சொல்லித் திருத்தி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் வாங்கிவிட வேண்டும். அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருப்பார்கள், டவாலி முறைப்பார். முறைத்தால் முறைக்கட்டும்.